எடை குறைந்த ட்ரெக்கிங் ஷூ: அடிக்கடி வரும் கேள்விகள்

மலையில் நடக்கக் கிளம்புகிறவர்கள் பையைப் பற்றியும் கூடாரத்தைப் பற்றியும் கேட்பதைவிட ஷூவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கேள்விகள் ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்குக் கடை கிடையாது, நான் மருத்துவனும் இல்லை. தப்பான ஷூ வாங்கி, நகம் கறுத்து, அப்புறம் விஷயம் தெரிந்துகொண்டவன்.

எடை குறைந்த ஷூ என்றால் எவ்வளவு எடை?

ஒற்றைக் கால் கணக்கில் சொல்கிறேன். ட்ரெயில் ரன்னர் என்று விற்கப்படும், மண்பாதையில் ஓடுவதற்கான ஷூக்கள் சுமார் 250 முதல் 350 கிராம். கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் ஹைக்கிங் ஷூ 350 முதல் 500. கணுக்காலை மூடும் பூட்ஸில் லேசானவை 450-இல் தொடங்கி 650 வரை போகும். முழுத் தோலில் செய்த பழைய பாணி பூட்ஸ் 700-க்கு மேல், சிலது ஒரு கிலோவைத் தொடும். என்னைக் கேட்டால் 400 கிராமுக்குக் கீழே இருப்பதைத்தான் தயங்காமல் லேசான ஷூ என்பேன்.

ஒரு எச்சரிக்கை. அட்டையில் போட்டிருக்கும் எடை சில நிறுவனங்களில் ஜோடிக்கு, சிலவற்றில் ஒற்றைக்கு. அதுவும் ஏதோ ஒரு நடுத்தர அளவுக்கான எடைதான். உங்கள் கால் பெரிதென்றால் எடையும் கூடும். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

200, 300 கிராம் வித்தியாசத்துக்கா இவ்வளவு பேச்சு?

ஆமாம், ஏனென்றால் அந்த 300 கிராமை நீங்கள் ஒரு தடவை தூக்குவதில்லை. 15 கிலோமீட்டர் நடந்தால் தோராயமாக 20,000 எட்டு. எட்டுக்கு 300 கிராம் கூடுதல் என்றால் நாள் முடிவில் 6,000 கிலோ, அதாவது 6 டன்னைத் துண்டு துண்டாகத் தூக்கி வைத்திருப்பீர்கள். முதுகில் இருக்கும் சுமை உடம்போடு சேர்ந்து ஓரளவு சீராக நகர்கிறது. காலில் இருக்கும் சுமையோ ஒவ்வொரு எட்டிலும் நின்று, கிளம்பி, வேகமெடுத்து, மறுபடி நிற்கிறது. அதுவும் காலின் கடைக்கோடியில் தொங்கிக்கொண்டு. கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுற்றிப் பார்த்தால் கை சொல்லிவிடும்.

காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறிகள் ரொம்ப நாளாகச் சொல்வார்கள். 1986-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், சிலரைக் கனமான பூட்ஸ் போட்டு நடக்கவிட்டு அளந்தபோது ஆறு மடங்குக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. ஷூவின் எடை 100 கிராம் கூடினால் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது என்பது 1980-களில் வந்த வேறு சில ஆய்வுகளின் கணக்கு. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். மாலை நாலு மணிக்கு, கடைசி ஏற்றத்தில், அப்படித் தோன்றாது.

கணுக்காலை மூடும் பூட்ஸ் போடாவிட்டால் கால் பிசகாதா?

இந்தப் பயம்தான் நிறைய பேரைக் கனமான பூட்ஸ் வாங்க வைக்கிறது. உயரமான கழுத்துள்ள ஷூ சுளுக்கைத் தடுக்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் பலமாக இல்லை. 1993-இல் வெளியான ஒரு ஆய்வில் 622 கூடைப்பந்து வீரர்களுக்கு உயரமான ஷூவும் தாழ்வான ஷூவும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், சுளுக்கு விழுந்ததில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. கூடைப்பந்துத் தளமும் மலைப்பாதையும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனாலும் மெல்லிய துணிக் கழுத்து ஒன்று உங்கள் முழு எடையும் பக்கவாட்டில் சாயும்போது பிடித்து நிறுத்திவிடும் என்று நம்புவது கொஞ்சம் அதிகம். அதைச் செய்ய பனிச்சறுக்கு பூட்ஸ் மாதிரி கெட்டியான ஒன்று வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு யாரும் மலை நடக்க மாட்டார்கள்.

உண்மையில் காலைக் காப்பாற்றுவது அடிப்பாகம் அகலமாக இருப்பது, பாதம் தரையிலிருந்து ரொம்ப உயரத்தில் நிற்காதது, குதிகால் ஷூவுக்குள் ஆடாமல் உட்காருவது, இதையெல்லாம்விட முக்கியமாக உங்கள் கணுக்காலைச் சுற்றியிருக்கும் தசைகள். தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். சிரிக்காதீர்கள், பலன் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதால் உயரமான பூட்ஸுக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. முள்ளும் கூரான கல்லும் கணுக்காலைக் கிழிக்கும் பாதை, முழங்கால் வரை சேறு, சரளைக்கல் சரிவு, பனி, முதுகில் 18, 20 கிலோ சுமை, இவற்றிலெல்லாம் நானும் பூட்ஸைத்தான் எடுப்பேன். ஏற்கனவே பலமாகச் சுளுக்கிய கால் என்றால் எழுதுகிறவன் சொல்வதைக் கேட்காமல் பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள்.

சாதாரண கேன்வாஸ் ஷூவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர் உண்டாமே?

உண்டு. எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, 11 பிள்ளைகளைப் பெற்றவர், 1955-இல் 67 வயதில், அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மலைகளில் நீளும் அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நடைபாதையை முழுக்கத் தனியாக நடந்து முடித்தார். அன்றைய நீளம் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். காலில் கெட்ஸ் என்ற நிறுவனத்தின் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை. போதாதென்று 1957-இல் மறுபடியும் நடந்தார்.

இதைக் கேட்டுவிட்டு அலமாரியில் கிடக்கும் பழைய கேன்வாஸைத் தூசி தட்ட வேண்டாம். அவர் ஆயுசு முழுக்கப் பண்ணை வேலை செய்த உடம்பு, ஒரே ஜோடியில் முடிக்கவும் இல்லை, வழியில் பல ஜோடிகள் தேய்ந்தன. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: நடக்கிற கால் பழகியிருந்தால் ஷூ பாதி வேலை செய்தால் போதும்.

ட்ரெயில் ரன்னரா, ஹைக்கிங் ஷூவா, எதை வாங்குவது?

பாதை தெளிவாக இருக்கிறது, ஒரு நாளோ இரண்டு நாளோ நடை, சுமை 10 கிலோவுக்குள் என்றால் ட்ரெயில் ரன்னர் போதும். நான் நடக்கும் பத்து நடையில் எட்டு இதில்தான். லேசு, சீக்கிரம் காய்கிறது, வாங்கிய அன்றே போட்டுக்கொண்டு நடக்கலாம். குறை என்னவென்றால் மேல்துணி வலைபோல மெல்லியது, கூரான பாறையில் இரண்டு முறை உரசினால் கிழிசல் தெரியும். அடிரப்பருக்கு மேலே இருக்கும் நுரை அடுக்கான நடுச்சோலும் மெத்தென்று இருப்பதற்காகவே செய்தது, அதனால் சீக்கிரம் அமுங்கிவிடும்.

ஹைக்கிங் ஷூ நடுவாந்தரம். முன்னால் விரலைக் காக்கும் ரப்பர் மூக்கு இருக்கும், சோல் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பக்கங்கள் கெட்டி. கல் நிறைந்த பாதையில் நாள் முழுக்க நடந்தால் உள்ளங்கால் வலிக்காமல் இருப்பது இந்த விறைப்பால்தான். 10 கிலோவுக்கு மேல் சுமந்து நாலைந்து நாள் நடக்கிறவருக்கு, அல்லது வருஷத்துக்கு ஒரு ஜோடி மாற்ற மனசில்லாதவருக்கு, இதைச் சொல்வேன்.

சாதாரண ரோட்டு ஓட்ட ஷூ? உலர்ந்த நல்ல பாதையில், குறைந்த தூரத்துக்குப் பரவாயில்லை. ஈர மண் இறக்கத்தில் வழுக்கிக்கொண்டு போகும், அங்கே எடையைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

அளவு எப்படிப் பார்ப்பது?

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எடை, கிரிப், வாட்டர்ப்ரூஃப் எல்லாம் இதற்கு அப்புறம்தான். கடிக்கிற ஷூ 250 கிராம் இருந்தால் என்ன, 900 இருந்தால் என்ன?

என் கதையைச் சொல்கிறேன். முதல் ஜோடியைக் காலையில், மெல்லிய சாக்ஸ் போட்டு, உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்து, பிரமாதம் என்று வாங்கினேன். கடைக்காரரும் கச்சிதமாக இருக்கிறது என்றார், அந்தக் கச்சிதம்தான் வினை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணி நேர இறக்கத்தில் விரல் நுனி ஒவ்வொரு எட்டிலும் முன்சுவரில் மோதி, கீழே வந்து சேர்ந்தபோது இரண்டு பெருவிரல் நகமும் கருநீலம். ஒரு நகம் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு விழுந்தது.

அதிலிருந்து நான் செய்வது இது. சாயங்காலம் போவேன், நாள் முழுக்க நின்று நடந்து கால் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடக்கும்போது போடுகிற அதே சாக்ஸைக் கையோடு கொண்டுபோவேன். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நிற்பேன். சுண்டுவிரலோ பெருவிரலின் பக்கமோ இன்சோலுக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ எனக்கு இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. நீளத்தில் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருப்பவர்கள் அந்த விரலிலிருந்து அளக்க வேண்டும், இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அப்புறம் லேஸைக் கட்டி, சாய்வான பலகையோ படிக்கட்டோ இருந்தால் இறங்கிப் பார்ப்பேன், ஒன்றும் இல்லையென்றால் ஷூவின் மூக்கைத் தரையில் நாலு தடவை இடிப்பேன். விரல் முன்னால் தொட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு வாங்கி, சின்னக் காலை லேஸாலோ தடித்த சாக்ஸாலோ சரிக்கட்டுங்கள். மற்றபடி எண்ணை நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் அளவில் அரை எண் கூடினால் சுமார் 4 மி.மீ., ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் சுமார் 6.7 மி.மீ. என்று கணக்கு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஷூவை வடிக்கும் அச்சு வேறு. ஒரு நிறுவனத்தின் 9 இன்னொரு நிறுவனத்தில் 9 அல்ல. அட்டையில் மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோ போட்டிருந்தால் அதைப் பாருங்கள்.

குதிகால் தூக்குகிறது, என்ன செய்வது?

கொஞ்சம் தூக்கினால் லேஸில் சரி செய்யலாம். ஷூவின் வாய்ப்பக்கத்தில் கடைசியாக ஒரு துளை சும்மா இருக்குமே, அது அலங்காரத்துக்கு இல்லை. லேஸை அதே பக்கத்தின் கடைசித் துளைக்குள் நுழைத்து இரண்டு பக்கமும் சின்ன வளையம் விடுங்கள், பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னால் ஒட்டி உட்காரும், இறக்கத்தில் விரலும் முன்னால் சரியாது. இதைக் கட்டியும் ஒரு விரல்கடை தூக்கினால் அது உங்கள் குதிகாலுக்கான ஷூ இல்லை.

வாட்டர்ப்ரூஃப் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 1969-இல் பாப் கோர் என்பவர் பி.டி.எஃப்.இ. என்ற பொருளைச் சட்டென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக நீண்டது. அதுதான் வாட்டர்ப்ரூஃப் ஷூக்கள் பலவற்றில் உள்ளே வைக்கும் கோர்-டெக்ஸ். துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சின்னவை, வியர்வை ஆவி வெளியேறப் போதுமானவை. நல்ல யோசனைதான். ஆனால் ஷூவுக்கு மேலே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் நீங்கள் காலையே நுழைக்கிறீர்கள். கணுக்கால் ஆழ ஓடையிலோ காலில் வழிந்து இறங்கும் மழையிலோ தண்ணீர் மேலிருந்து உள்ளே போய்விடும். போன தண்ணீரை அந்தப் படலம் வெளியே விடாது, நாள் முழுக்க வாளிக்குள் கால் வைத்து நடக்கிற மாதிரிதான். வெயில் நாளில் வியர்வையும் அதிகம் தேங்கும். எடை கூடும், மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும்.

வலைத்துணி ஷூ நனையும், உடனே நனையும். ஆனால் ஓடையைத் தாண்டி அரை மணி நடந்தால் பாதித் தண்ணீர் தானாகப் பிழியப்பட்டு வெளியே வந்திருக்கும். கால் நனையாது என்று நம்புவதைவிட, நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும் என்று வாங்குவது நல்லது.

குளிர் நிஜமாகவே குளிராக இருக்கும் இடத்தில், ஈரப்புல்லில், நனைந்த பனியில், கணக்கு மாறும். அங்கே விரல் விறைப்பதுதான் ஆபத்து, வியர்வை இல்லை. அப்போது வாட்டர்ப்ரூஃப் வாங்குங்கள், அதுவும் கொஞ்சம் உயரமான கழுத்தோடு.

சோலில் என்ன பார்க்க வேண்டும்?

அடியில் துருத்தும் பற்களின் ஆழம், ரப்பரின் தன்மை, விறைப்பு, இந்த மூன்றும். பற்கள் 3, 4 மி.மீ. இருந்தால் உலர்ந்த மண்ணுக்கும் பாறைக்கும் போதும். சேற்றுக்கு 5, 6 மி.மீ. வேண்டும், பற்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும், இல்லாவிட்டால் சேறு அடைத்து வழவழவென்று ஆகிவிடும். ஈரப் பாறையில் பற்களைவிட ரப்பர்தான் முக்கியம். மென்மையான ரப்பர் ஒட்டிப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நாளைக்கு உழைக்கும், ஈரக் கல்லில் கைவிடும்.

மலை ஷூவின் அடியில் பல் வைத்த ரப்பர் வந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. இத்தாலிய மலையேறி விட்டாலே பிராமனி 1935-இல் ஆல்ப்ஸில் ஆறு தோழர்களை இழந்தார், பொருத்தமில்லாத காலணியும் அதற்கு ஒரு காரணம். அதற்குப் பிறகுதான் அவர் ரப்பர் சோல் செய்ய முனைந்தார், 1937-இல் அது வந்தது. அவர் பேரின் முன்பகுதிகளைச் சேர்த்ததுதான் விப்ரம். மஞ்சள் எண்கோண முத்திரையை நிறைய ஷூக்களின் அடியில் பார்த்திருப்பீர்கள். முத்திரை இருந்தாலும் எல்லா விப்ரமும் ஒரே ரப்பர் இல்லை, ஈரத்துக்கென்றே செய்த வகைகள் தனி.

விறைப்பைப் பார்க்க ஷூவைத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். முழுசாக முறுகினால் கல் பாதையில் உள்ளங்கால் அழும். லேசான ஷூக்கள் சிலவற்றில் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள், கூரான கல் குத்தாமல் இருக்க. கல் அதிகம் என்றால் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

டிராப், ஜீரோ டிராப் என்கிறார்களே, அது என்ன?

குதிகால் நிற்கும் உயரத்துக்கும் முன்பாதம் நிற்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். வழக்கமான ஷூவில் 8 முதல் 12 மி.மீ. இருக்கும், ஜீரோ டிராப்பில் இரண்டும் சமம். எது உயர்ந்தது என்று முடிவே இல்லாமல் விவாதிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 10 மி.மீ.க்குப் பழகிய காலை ஒரே நாளில் ஜீரோவுக்கு மாற்றி நீண்ட நடை போனால் கெண்டைக்காலும் குதிநரம்பும் பழிவாங்கும். வாரக்கணக்கில், குறைந்த தூரத்தில் தொடங்கி மாறுங்கள். மாற அவசியமில்லையென்றால் மாறவே வேண்டாம்.

சாண்டலில் நடக்கலாமா?

நடக்கலாம், நடக்கிறார்கள். 1984-இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் படகு வழிகாட்டியாக இருந்த மார்க் தாட்சர், ஆற்றில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க ரப்பர் செருப்போடு கணுக்கால் பட்டை வைத்ததிலிருந்துதான் டேவா சாண்டல் பிறந்தது. ஓடைகள் அடிக்கடி குறுக்கிடும் பாதையில் சாண்டலுக்கு நிகரில்லை. விரல் கல்லில் இடிபடும், பட்டைக்கும் தோலுக்கும் நடுவே மணல் புகுந்து உரசும், வெயிலில் புறங்கால் கருகும், பாம்பும் அட்டையும் உள்ள இடத்தில் மனசு ஒப்பாது. நான் சாண்டலை முகாமில் போட, ஆற்றைக் கடக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

கொப்புளம் வராமல் இருக்க?

சூடு, ஈரம், உரசல், மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். பருத்தி சாக்ஸ் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதனால் வேண்டாம். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். விரலுக்கும் விரலுக்கும் நடுவே கொப்புளம் வருகிறவர்கள் கையுறை மாதிரி விரல் பிரித்த சாக்ஸ் போட்டுப் பார்க்கலாம். மதியம் ஓய்வெடுக்கும்போது ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றிக் காலைக் காற்றில் விடுங்கள், மாற்றுச் சாக்ஸ் இருந்தால் மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம், ஏதோ ஓரிடத்தில் சுருக்கென்று சூடாகத் தெரிந்தவுடனே நிற்பது. முன்னால் போகிறவர்களை நிறுத்த வெட்கப்பட்டு இன்னும் ஒரு கிலோமீட்டர் என்று போனால் அதற்குள் தோல் எழும்பிவிடும். உடனே பிளாஸ்டர் டேப் ஒட்டுங்கள், சுருக்கமில்லாமல், ஓரங்களை வட்டமாக வெட்டி. ஷூவுக்குள் ஒரு மணல்துகள் இருந்தாலும் கொட்டிவிட்டு நடங்கள்.

புது ஷூவைப் பழக்க வேண்டுமா?

தோல் பூட்ஸை வாரக்கணக்கில் பழக்க வேண்டும். லேசான ஷூ முதல் நாளிலேயே சரியாக இருக்க வேண்டும். போகப் போகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், துணியும் நுரையும் அவ்வளவாக விட்டுக்கொடுக்காது, விட்டுக்கொடுக்கப்போவது உங்கள் தோல்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பெட்டியைப் பிரித்து நேரே மலைக்குப் போகாதீர்கள். பையையும் மாட்டிக்கொண்டு ஒரு நாள் பத்து கிலோமீட்டராவது நடந்து பாருங்கள்.

எவ்வளவு நாள் உழைக்கும்?

லேசான ஷூவின் விலை இங்கேதான் வசூலாகிறது. ட்ரெயில் ரன்னர் என்றால் 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. உங்கள் எடை, சுமை, பாதை எல்லாம் இதை மேலே கீழே இழுக்கும். அடிப்பல் தேய்வதற்கு முன்பே நடுச்சோலின் நுரை செத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. வழக்கமான நடைக்கே முழங்காலும் உள்ளங்காலும் புதிதாக வலிக்கத் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். நுரையின் பக்கவாட்டில் கிடைமட்டமாக ஆழமான சுருக்கங்கள் விழுந்திருந்தாலும் அதுதான்.

நடக்காமல் வைத்திருந்தாலும் கெடும். பாலியூரித்தேன் நடுச்சோல் உள்ள பழைய பூட்ஸை வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்துவிட்டு ஒரு நாள் எடுத்துப் போட்டால், காற்றின் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்திருக்கும், பாதி வழியில் சோல் பிஸ்கட் மாதிரி உதிரும். என்னோடு வந்த ஒருவர் மிச்ச வழியைத் துணியால் கட்டிய ஷூவோடு இறங்கினார். நீண்ட நாள் கழித்து எடுக்கும் ஷூவைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு நடந்து பாருங்கள்.

பனியில் இதைப் போடலாமா?

மிதிபட்ட, சரிவில்லாத பனிப்பாதையில், சங்கிலியும் சின்ன முள்ளும் சேர்ந்த மைக்ரோஸ்பைக்கை மாட்டிக்கொண்டு போகலாம், விரல் விறைக்காத அளவு குளிர் என்றால். செங்குத்தான கெட்டிப் பனிக்கு, பூட்ஸின் அடியில் மாட்டும் பெரிய முள் சட்டமான கிராம்பான் வேண்டும், கிராம்பான் நிற்க விறைப்பான பூட்ஸ் வேண்டும். வளைகிற ஷூவில் மாட்டினால் கழன்றுவிடும். எடை குறைப்புப் பேச்சு அங்கே எடுபடாது.

நனைந்த ஷூவை எப்படிக் காய வைப்பது?

நெருப்பருகே வைக்காதீர்கள். பசை இளகிச் சோல் பிரியும், நுரை சுருங்கி ஷூவே அரை எண் சின்னதாகிவிடும், குளிரில் எல்லாரும் செய்யும் தப்பு இது. இன்சோலைத் தனியே எடுத்து, லேஸைத் தளர்த்தி, நாக்கை முழுக்க வெளியே இழுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறியிருக்கும், எடுத்துவிட்டு வேறு தாள். மலையில் தாள் இல்லையென்றால் அன்றைக்குப் போடாத உலர்ந்த துணியைத் திணித்து வையுங்கள். காலையில் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும், சாக்ஸையாவது உலர்ந்ததாகப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், மீதி நடக்க நடக்கக் காய்ந்துவிடும்.